434 கோல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ரிக்கி லாம்பர்ட் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 15 வயதில் லிவர்பூல் அகாடமி அவரைக் கழித்துவிட்டது. பிறகு பிளாக்பூலும் விட்டுவிட, பீட்ரூட் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி போட்டிருக்கிறார். அந்நாட்டு லீகின் கீழ் டிவிஷன்களில் பல வருடம் ஆடி, 31 வயதில் இங்கிலாந்து அணிக்கு வந்து, முதல் முறை பந்தைத் தொட்டதே கோல்! விடாமுயற்சி வெல்லும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நான் பள்ளி ஆசிரியன். மாணவர்களுக்கு வாசித்துக்காட்ட அவரைப் பற்றி எழுதுவீர்களா? இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களின் சம்பளம், ஒப்பந்தம் பற்றியும் விளக்கினால் நல்லது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

சம்பளமும் ஒப்பந்தமும் தேடினால் கிடைக்கும், நீங்களே தேடிக்கொள்ளுங்கள். எனக்கு உங்களோடு சண்டை விடாமுயற்சி விஷயத்தில்தான்.

லாம்பர்ட்டை எனக்கும் பிடிக்கும். 2013 ஆகஸ்டில் இங்கிலாந்து அணியின் சொந்த மைதானமான வெம்பிளியில், ஸ்காட்லாந்துக்கு எதிராக சக வீரர் பெய்ன்ஸ் அடித்த கார்னர் கிக்கை அவர் தலையால் முட்டி உள்ளே அனுப்பியதை இன்று பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று சின்ன கிளப்புகளில் 2001 முதல் 2009 வரை அவர் ஆடிய காலத்தை "கீழ் டிவிஷன்களில் பல வருடம்" என்று தாண்டிப் போய்விட்டீர்களே! அங்கே சனிக்கிழமைதோறும் காசு கொடுத்து வந்து மழையில் நின்றவர்கள் வருங்கால இங்கிலாந்து வீரரைப் பார்க்க வரவில்லை. தங்கள் ஊர் ஸ்டிரைக்கரைப் பார்க்க வந்தார்கள். இங்கிலாந்து அணியின் அழைப்பு வராமலே போயிருந்தால் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா?

ஆர்தர் ரௌலி என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்து லீக் வரலாற்றில் அவரைவிட அதிகமாகக் கோல் அடித்தவர் இன்றுவரை யாரும் இல்லை. 619 ஆட்டங்களில் 434 கோல். கிளப் வாரியாகச் சொன்னால் வெஸ்ட் பிராமில் 4, ஃபுல்ஹாமில் 27, லெஸ்டரில் 251, ஷ்ரூஸ்பரியில் 152. அண்ணன் ஜாக் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடினார். தம்பியை இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கீழ் டிவிஷன் கோல்கள்தானே என்று பதில் எழுதிவிடாதீர்கள். 1956–57 சீசனில் இரண்டாம் டிவிஷனில் அவர் அடித்த 44 கோல்களோடுதான் லெஸ்டர் முதல் டிவிஷனுக்கே ஏறியது.

1958-இல், 32 வயதில், அப்போதுதான் தொடங்கியிருந்த நான்காம் டிவிஷனுக்கு, ஷ்ரூஸ்பரிக்கு, ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் போனார். செவர்ன் ஆற்றங்கரையில் கே மெடோ என்ற சின்ன மைதானம். வேலியைத் தாண்டி ஆற்றில் விழும் பந்தை எடுத்துவர ஒருவர் பரிசலோடு காத்திருப்பார். முதல் சீசனிலேயே 38 கோல். கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறியது. 1961-இல், அதுவரை சாதனையாக இருந்த டிக்ஸி டீனின் 379 லீக் கோல்களைக் கடந்தார். (சம்பளம் கேட்டீர்கள் அல்லவா, அந்த ஆண்டு ஜனவரி வரை முதல் டிவிஷனிலும் வாரத்துக்கு 20 பவுண்டுதான் உச்சவரம்பு.)

ரௌலியின் முயற்சியில் என்ன குறை? சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் அநேகருக்கு வெம்பிளியிலிருந்து அழைப்பு வராது. முயன்றால் வரும் என்று இன்று சொல்வீர்கள். வராதபோது, நீ சரியாக முயலவில்லை என்ற பழியையும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே வைப்பீர்கள். அகாடமிகள் கழித்துவிட்ட பையன்கள் எல்லோரும் சோம்பேறிகளா? லாம்பர்ட் அளவுக்கு ஓடியவர்கள் அவர்களிலும் உண்டு. ஒரு வேலையை நன்றாகச் செய்ய ஒருவனுக்குக் கற்றுக்கொடுப்பது வேறு, அதற்குப் பரிசு நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய ஆசிரியருக்கு உரிமை கிடையாது. பத்து வயதுப் பிள்ளை உங்கள் சொல்லை அப்படியே நம்பும் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். பிள்ளைகள்மேல் உங்களுக்குள்ள அக்கறை கடிதத்தில் தெரிகிறது. அது இல்லாவிட்டால் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

லாம்பர்ட்டைப் பற்றி எழுதித் தருகிறேன். 2008–09 சீசனில் பிரிஸ்டல் ரோவர்ஸுக்காக மூன்றாம் நிலை லீகில் 29 கோல் அடித்தார். கட்டுரை அங்கிருந்து தொடங்கும். வெம்பிளி கடைசிப் பத்தியில் இரண்டு வரி வரும், அதற்கு மேல் கேட்காதீர்கள்.