மடக்குக்கத்தி: கேட்டதும் சொன்னதும்

வேலூர் லாங் பஜார் பக்கம் இருபத்திரண்டு வருஷம் ஹார்டுவேர் கடை நடத்தினேன். தாழ்ப்பாளும் ஆணியும் விற்ற நேரத்தைவிடக் கத்தியைப் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம் என்பது வீட்டில் உள்ளவர்களின் குற்றச்சாட்டு. கடையை மகனிடம் விட்டாயிற்று, பேச்சை விட முடியவில்லை. அன்றாடத்துக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள, கட்டுப்படியான விலையில், பழைய பாணி மடக்குக்கத்தி எதை வாங்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐயா, என்னிடம் 500 ரூபாய்தான் இருக்கிறது. பார்சல் பிரிக்க, கொய்யா நறுக்க ஒரு கத்தி வேண்டும். எந்த பிராண்டு வாங்கலாம்?

தம்பி, அந்தக் காசில் பிராண்டைத் தேடாதீர்கள். கத்தியும் அதைத் தீட்டுகிற கல்லும் சேர்த்து 500-க்குள் முடிகிறதா என்று பாருங்கள். கல் என்றால் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் இருக்கும் கார்பரண்டம் கல். ஹார்டுவேர் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கல் இல்லாதவர் வாங்கும் கத்தி, எத்தனை ஆயிரம் கொடுத்ததாக இருந்தாலும், மூன்றாம் மாதம் ஸ்பூன்தான்.

கத்தியைக் கையால் பார்த்து வாங்க வேண்டும். கடையிலேயே நின்று மெதுவாகத் திறங்கள். தொளதொளவென்று தானாக விழுந்தால் வேண்டாம். நகம் பிய்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம். முழுக்கத் திறந்தபின் அலகைப் பக்கவாட்டில் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே ஆடுகிற கத்தி பிறகு ஆட்டத்தை நிறுத்தாது. அப்புறம் மடக்கி, அலகு போய் உட்காரும் பள்ளத்தை மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கத் தகட்டில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, உரசித் தேயும். கடைசியாக, வாயை மேல்நோக்கி வைத்து வெளிச்சத்தில் காட்டுங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடாக எங்கே மின்னுகிறதோ அங்கே மழுங்கல்.

இன்னொன்று. ஸ்க்ரூ டிரைவர், பாட்டில் ஓப்பனர், கத்தரிக்கோல், ரம்பம் எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதில் கத்திக்கு மட்டும் எத்தனை ரூபாய் விழுந்திருக்கும் என்று வகுத்துப் பாருங்கள். அந்த விலையில் ஓர் அலகு, ஒரு பிடி, அலகு சுழல ஒரு ஆணி போதும்.

குடியாத்தம், மாந்தோப்பு வைத்திருப்பவர்: அண்ணே, கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் துருப்பிடிக்கும் என்கிறார்களே.

பிடிக்கும். பிடித்தாலும் என் ஓட்டு கார்பனுக்குத்தான். மலிவு விலையில் நல்ல கார்பன் அலகு செய்வது சுலபம், நல்ல ஸ்டெயின்லெஸ் அலகு செய்வது சிரமம். கார்பனைச் சாதாரணக் கல்லில் பத்து இழுப்பு இழுத்தால் வாய் திரும்பிவிடும். விலை குறைந்த ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். கூர் வரும், ஆனால் தங்காது.

தோப்பில் ஒரு மாங்காயை அரிந்தாலே கார்பன் அலகு நீலமும் கறுப்புமாக மாறும். பலர் பயந்து சாம்பல் போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புப் படலம் செந்துருவை ஓரளவு தள்ளிவைக்கும். வேண்டாதது செந்துரு மட்டும்தான். நம் ஊர் வறட்சி கத்திக்கு நல்லது. ஆனால் கத்தரி வெயிலில் தொடையோடு ஒட்டிக் கிடக்கும் பேன்ட் பையில் வியர்வை உப்பு இருக்கிறதே, அது மழையைவிட மோசம். ராத்திரி வந்ததும் துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அலகில் தடவுங்கள். ஆணிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய். ராத்திரி இந்த ஒரு நிமிஷ வேலை உங்களுக்கு ஒத்துவராது என்றால் தயங்காமல் ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாணியம்பாடி, ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தயார். ஒப்பினெல், விக்டோரினாக்ஸ், ஜப்பான் ஹிகோனோகாமி என்று படிக்கிறேன். எது நமக்குச் சரிப்படும்?

மூன்றும் மூன்று புத்தி.

ஒப்பினெல் பிரான்ஸின் சவாய் மலைப்பகுதிக் கத்தி. ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ல் குடியானவர்களுக்காகச் செய்தது. மரப்பிடி, மெல்லிய அலகு, ஒரு ஆணி, அதைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையப் பூட்டு 1955-ல் சேர்ந்தது. வளையத்தைத் திருகினால் திறந்த அலகு மடங்காது. 2000-க்குப் பின் வந்தவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம். நம்பரை வைத்து அளவு சொல்வார்கள். 6 என்றால் அலகு 7 சென்டிமீட்டர், 8 என்றால் எட்டரை. எல்லோரும் 8 வாங்குகிறார்கள். சட்டைப்பை ஆசாமிகளுக்கு 6 அல்லது 7 போதும் என்பது என் கட்சி. அலகில் கிரீடம் வைத்த கை முத்திரை இருக்க வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. மழைக்காலத்தில் பிடி மரம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், அலகு வெளியே வராது. ஐப்பசியில் எனக்குப் போன் செய்து டூப்ளிகேட் மாட்டிவிட்டதோ என்று கேட்டவர்கள் உண்டு. மடக்கிய நிலையில், வளையத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, பிடியின் அடிமுனையை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், விரலால் பிடித்துத் திறந்துவிடலாம். சவாய்க்காரர்களே அப்படித்தான் திறப்பார்களாம். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று தடவை ஊட்டி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

விக்டோரினாக்ஸ் சுவிஸ்காரர்களுடையது. 1891-ல் அவர்கள் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த வம்சம். சின்ன மாடல்களில் பூட்டு இருக்காது, முதுகு ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து நிறுத்தும். துருத் தொல்லை கிடையாது. இரும்பு ரொம்பக் கெட்டியில்லை, அதனால் வீட்டிலேயே கூர் பிடிக்கலாம். ஆபீஸில் நாலு பேர் நடுவில் எடுத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் வேலைக்கு இதையே சொல்வேன். அலுமினியப் பிடி போட்ட மெல்லிய மாடலாகப் பாருங்கள்.

ஹிகோனோகாமி ஜப்பானில் மிகி என்ற ஊரின் சரக்கு. பித்தளைத் தகட்டை மடித்துப் பிடி, அதில் ஓர் அலகு. ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது நிற்கும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் பென்சில் சீவியது இதில்தான். அழகு, ஆனால் முதல் கத்தியாக வேண்டாம்.

ஆற்காடு: நம் ஊர்க் கொல்லர் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டால் என்ன?

அரிவாள், கொடுவாள், கறிக்கத்தி என்றால் தாராளமாக. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, பழுக்கக் காய்ச்சி முக்கி இறுக்குகிற தோய்ச்சலை நன்றாகக் கொடுத்தால், கடைக் கத்தி அதன் பக்கத்தில் நிற்காது. மடக்குக்கத்தி வேறு கணக்கு. அதில் உலை வேலை கால் பங்கு, பொருத்தும் வேலை முக்கால் பங்கு. ஆணி ஓட்டை மயிரிழை தள்ளிப்போனாலும் அலகு ஆடும். பொறுமையாக உட்கார்ந்து அரம் போடுகிற கைக்காரர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.

பள்ளிகொண்டா, எலக்ட்ரீஷியன்: பூட்டு அவசியமா?

என் இடது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பூட்டில்லாத கத்தியின் முனையால் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போடப் போனேன். முனை சிக்கியது, நான் அழுத்தினேன், அலகு விரல்மேல் மடங்கியது. மூன்று தையல். வாயால் அறுக்கும்வரை அலகு திறந்த பக்கமாகத்தான் தள்ளப்படும், பூட்டு தேவையில்லை. முனையால் குத்துகிற வேலை இருந்தால் பூட்டு வேண்டும். உங்களுக்கு இருக்கும். அதோடு, ஒயர் சீவுவதற்குத் தனியாக ஒரு ஸ்டிரிப்பர் வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியில் உரசி உரசி வாய் பல் பல்லாகப் போன கத்திகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ராணிப்பேட்டை: போலீஸ் பிடிக்குமா சார்?

ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேராது. நம் கத்தி மூன்று அங்குலச் சமாசாரம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ரோந்து போலீஸிடம் விதிமுறை படித்துக் காட்ட முடியாது. பட்டன் தட்டினால் பாய்கிற கத்தி, ராம்பூரி மாதிரி சினிமா வில்லன் கத்தி எதையும் வாங்காதீர்கள். கோர்ட், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா நெரிசல் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம்.

வாலாஜா: சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனைக்குச் சரி. மெல்லிய மடக்குக்கத்திக்கு வேண்டாம். மோட்டார் சாணையில் பொறி பறக்கப் பறக்க அழுத்தினார்கள் என்றால் வாய் ஓரம் நீலமாகிவிடும். நீலம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரி அளவுக்குச் சூடாகிவிட்டது, தோய்ச்சல் போச்சு என்று அர்த்தம். என் நல்ல கத்தி ஒன்று அப்படித்தான் வீணானது.

கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணி மேல் வைத்து நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலகு எவ்வளவு அகலமோ அதில் நாலில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி வரும். 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு 5 மில்லிமீட்டர். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கமாகவே இழுங்கள். மறுபக்கத்தில் விரலை வாயிலிருந்து வெளிப்புறமாகத் தடவினால் நெருடலாக ஒரு பிசிர் தட்டுப்படும். அது அடி முதல் முனைவரை வந்தபின்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிர் வருவதற்குள் திருப்பித் திருப்பித் தேய்ப்பதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. கடைசியில் பிசிரை எடுக்கத் தோல். உங்கள் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்? ஒரு சாண் துண்டு வாங்கி மரப்பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, வாய் பின்னால் வரும்படி பத்துப் பத்து இழுப்பு.

அதே தோலில் உறை தைத்து அதற்குள்ளேயே கத்தியை வருஷக்கணக்கில் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடாது. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆம்பூர், இல்லத்தரசி: எங்கள் ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டியோடு ஒரு பழைய பேனாக்கத்தி கிடைத்தது. துருவேறித் திறக்கவே மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம் அம்மா. பிடி கொம்போ மரமோ என்று பாருங்கள். அதை நனைக்காமல், ஆணி மேலும் பள்ளத்திலும் மட்டும் மண்ணெண்ணெய் சொட்டு சொட்டாக விட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். கொறடு போட்டு இழுக்காதீர்கள், நகம் வைக்கும் பள்ளம் உடையும். அசைந்து கொடுத்ததும் திறந்து மூடித் திறந்து மூடி, ஒழுகுகிற கறுப்பைத் துடைத்துக்கொண்டே இருங்கள். அலகின் அடியில் முத்திரை ஏதாவது இருக்கலாம், அங்கே உப்புத்தாள் போடவே கூடாது. சுத்தமானதும் கல்லில் தீட்டிக்கொள்ளலாம்.

திருப்பத்தூர்: சட்டைப்பையில் கத்தி என்பதே வெள்ளைக்காரன் பழக்கம்தானே?

பேனாக்கத்தி என்ற பேர் இறகுப் பேனா சீவியதால் வந்தது, அது சரி. ஆனால் ஓலை எழுதிய காலத்திலேயே நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, ஒரு பக்கம் ஓலை வாரக் கத்தி, இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம்.

மறுபடியும் காட்பாடி மாணவர்: உங்கள் பையில் இருக்கும் கத்தி எது ஐயா?

7-ஆம் நம்பர் ஒப்பினெல், கார்பன். பிடி கறுத்துப் போய், வளையத்தில் வெல்லப் பிசுக்கு ஒட்டியிருக்கும். இந்த நிமிஷம் பையில் இல்லை. மல்லிச்சரம் அறுக்க வீட்டம்மா எடுத்துக்கொண்டு போனார். இப்போதுதான் கூடத்திலிருந்து குரல் வருகிறது, கூரே இல்லையாம்.