கச்சான் காலத்தில் எந்த ஒயில்? மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

என்னுடையது 100 சிசி சைக்கிள். புத்தகத்தில் 10டபிள்யூ-30 ஒயில் என்று இருக்கிறது. கச்சான் என்ற சூடான வறண்ட காற்று தொடங்கினால் எஞ்சின் கடுமையாகச் சூடேறுகிறது. 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
*வாசகர், களுவாஞ்சிக்குடி*

ஊற்ற வேண்டாம். 30, 40, 50 என்று பின்னால் வரும் எண், 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. காற்றில் குளிரும் எஞ்சினுக்குள் ஒயில் எந்த மாதத்திலும் அந்தச் சூட்டை அண்டித்தான் ஓடும். ஆகவே வெளியில் 30 பாகை 36 ஆவதற்காக ஒயிலின் தரத்தை மாற்றத் தேவையில்லை. 100 பாகையில் 30 ஒயிலின் தடிப்பு அளவு 9.3 முதல் 12.5 வரை, 50 ஒயிலுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. 30 ஒயிலுக்கென்று துளைத்த சிறு வழிகளில் இதை ஓடவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஹெட்டுக்கு ஒயில் ஏறச் சுணங்கும். எஞ்சின் இறுக்கமாக ஓடும், பெற்றோலும் கூடக் குடிக்கும்.

முன்னால் உள்ள 10டபிள்யூ, 20டபிள்யூ எண்கள் குளிர் நாட்டுக்காரருக்கு முக்கியம். ஸ்டார்ட் ஆகும் நிலைக்கான சோதனை 10டபிள்யூ ஒயிலுக்கு மைனஸ் 25 பாகையிலும், 20டபிள்யூ ஒயிலுக்கு மைனஸ் 15 பாகையிலும் நடக்கிறது. நமது மார்கழி விடியலுக்கு இரண்டுமே தாராளம்.

சில புத்தகங்களில் வெப்பநிலை அட்டவணை ஒன்று இருக்கும். அதில் 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 அனுமதிக்கப்பட்டிருந்தால், படுவான்கரையிலிருந்து நெல் மூட்டை ஏற்றுபவர், மீன் பெட்டி கட்டி ஊர் ஊராக மெதுவாக ஓடுபவர் ஒரு படி ஏறலாம். மற்றவர்கள் புத்தகத்தில் உள்ளபடியே போகட்டும். பஜாஜ் சிடி 100, பல்சர் போன்றவற்றில் பலவற்றுக்குக் கொம்பனியே 20டபிள்யூ-50 சொல்கிறது. புத்தகத்தில் அப்படி இருப்பவர்கள் 30க்கு இறங்கக் கூடாது.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஒயில் போத்தலை மாற்றுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் தகடுகளுக்கு இடையில், அதிலும் சைலன்சர் குழாய் பூட்டும் பக்கம், வயல் சேறும் கசிந்த ஒயிலும் சேர்ந்து காய்ந்து கட்டியாகியிருக்கும். அந்த இடைவெளியால்தான் காற்று போக வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் தூரிகையால் தேய்த்து எடுங்கள். சுடச்சுடத் தண்ணீர் அடிக்க வேண்டாம். அடுத்தது ஒயில் மட்டம். பிறகு சில்லைக் கையால் சுற்றி பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, செயின் அளவுக்கு மீறி இறுக்கமா என்று பாருங்கள். காபரேட்டர் பெற்றோலைக் குறைத்து விட்டாலும் சூடேறும்.

கார் ஒயில் ஒரு கேன் மிச்சம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினால் என்ன?
*வாசகர், சம்மாந்துறை*

காரில் கிளச் உலர்ந்த இடத்தில் வேலை செய்கிறது. கியர் சைக்கிளில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே கிடக்கின்றன. கியர்களுக்கும் அதே ஒயில்தான். பெற்றோல் மிச்சப்படுத்த இக்காலக் கார் ஒயில்களில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 வகைகளில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது தட்டுகளில் படிந்தால் கிளச் வழுக்கும். போத்தலின் பின்பக்கம் ஜாசோ (JASO) என்ற ஜப்பானியத் தரக் குறி, எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று பெட்டிக்குள் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஒயில் கியர் சைக்கிளுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் இப்படிச் சோதிக்கலாம். வெறும் றோட்டில், டொப் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது திடீரென அக்சிலேற்றரை முழுதாக முறுக்குங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. உடனே இறக்கிச் சரியான ஒயிலை ஊற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும். தட்டு கருகிய மணம் வந்த பிறகு என்றால் தட்டுகளை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்கூட்டருக்கும் எம்ஏ ஒயில்தானா?
*வாசகி, காத்தான்குடி*

ஸ்கூட்டரின் கிளச் ஒயிலில் நனைவதில்லை. அதற்கென்று வருவது ஜாசோ எம்பி (MB) குறியுள்ள ஒயில். ஸ்கூட்டருக்கு எம்ஏ ஊற்றினால் கெடாது, பெற்றோல் சற்றுக் கூடலாம். எம்பி ஒயிலைக் கியர் சைக்கிளுக்கு ஊற்றுவதுதான் பிழை. ஹொண்டா டியோ போன்றவற்றுக்கு 10டபிள்யூ-30 எம்பி. ஒயில் இறக்கி ஊற்றும்போது சுமார் 700 மில்லிலீற்றர் போதும், லீற்றர் போத்தலை முழுதாகக் கவிழ்க்கக் கூடாது. பின் சில்லுப் பக்கம் கியர் ஒயில் தனியாக இருக்கிறது. பலர் அதை வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள்.

சிறுபோக அறுவடைக் காலத்தில் ஒயில் சீக்கிரம் கறுத்து, மட்டமும் இறங்குகிறது. எத்தனை கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டும்?
*வாசகர், கொக்கட்டிச்சோலை*

கறுப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரியைத் தன்னோடு எடுத்துச் செல்லும் ஒயில் கறுக்கத்தான் செய்யும். உண்மையான எதிரி சூடடிக்கும் களத்துத் தூசும் கிரவல் றோட்டுப் புழுதியும். எயார் பில்டர் வழியாக உள்ளே போகும் நுண்மணல் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். தேய்ந்தால் ஒயில் எரியும், மட்டம் இறங்கும். அந்த மாதங்களில் சாதாரண மினரல் ஒயிலை 2000 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள், புத்தகத்தில் கூடுதலாக இருந்தாலும். ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்கு காயவைத்து, சில துளி ஒயில் விட்டுப் பிசைந்து பிழிந்து போடுங்கள். கடதாசி பில்டரைக் கழுவக் கூடாது, புதிதாக மாற்ற வேண்டும்.

மட்டம் பார்க்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் டபுள் ஸ்டாண்டில் வைத்து, குச்சியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் சரிந்து நிற்கும்போது பார்த்தால் கணக்குப் பிழைக்கும். பல சைக்கிள்களில் குச்சியைத் திருகாமல் வைத்து மட்டும் எடுக்க வேண்டும். உங்களுடையது எப்படி என்று புத்தகத்தில் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஒயில் நுரைக்கும், மூச்சுக் குழாயால் எயார் பில்டருக்குள் போய் அதையும் நனைக்கும்.

மாற்றும்போது எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கட்டும். எஞ்சின் அடியில் ஒயில் இறக்கும் நட்டைக் கழற்றி பத்து நிமிடம் சொட்டவிடுங்கள். ஒயில் வடிக்கும் வலை இருந்தால் எடுத்துக் கழுவுங்கள். வலையில் மினுங்கும் உலோகத் துண்டு கிடந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மூடாதீர்கள். வொஷரைப் புதிதாகப் போடுங்கள். நட்டை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டாம்: எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், புரி அறுந்தால் ஒயில் காசைவிடப் பல மடங்கு செலவு.

முறுக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை மட்டும் வந்தால் வால்வ் சீல். இரண்டையும் தடித்த ஒயிலால் மூடி மறைக்க முடியாது.

சிந்தெடிக் ஒயிலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?
*வாசகர், அக்கரைப்பற்று*

பொத்துவில், மொனராகலை வழியாக வெல்லவாய தாண்டி மலை ஏறுபவர், நாள் முழுதும் ஓடுபவர் கொடுக்கலாம். அதிக சூட்டில் அது மெதுவாகத்தான் ஆவியாகும், மெதுவாகத்தான் கெடும். தடிப்பு எண்ணும் எம்ஏ குறியும் புத்தகத்துக்கு ஒத்திருக்க வேண்டும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு, நேரத்துக்கு மாற்றும் மினரல் ஒயிலே போதும்.

இறக்கிய ஒயிலைச் செயினுக்கு விடலாமா?
*வாசகர், ஏறாவூர்*

கூடாது. அதில் உலோகத் தூளும் கரியும் இருக்கின்றன. மணலையும் பிடித்துக்கொண்டு செயினை அரைக்கும். செயினுக்கு எஸ்ஏஈ 90 கியர் ஒயில் விடுங்கள். பழையதைக் கானுக்குள்ளோ வாவிக் கரையிலோ ஊற்றாமல், வெறும் போத்தலில் இறுக மூடி, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.