வைட்டமின் மாத்திரை போதுமா?

மனைவிக்கு கர்ப்பம் 31 வாரம், பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம். வைட்டமின் சி, ஈ மாத்திரை போதுமா என்று மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். போதாது தம்பி. இது ப்ரீ-எக்லாம்ப்சியா எனும் கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக இருக்கலாம். இந்த நோயில் கருப்பை ரத்தக்குழாய்கள் சரியாக விரியாததால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சீராக வராமல் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் வேதிமாற்றம், கூடுகிறது. சேதமான நஞ்சுக்கொடி வெளிவிடும் புரதங்கள் தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. வைட்டமின் சி, ஈ ஆக்சிஜனேற்றத்தை எதிர்ப்பவை; அதனால் அவை உதவும் என்று நினைத்தது நியாயம்தான். ஆனால் 2006-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் தினமும் 1,000 மி.கி. சி, 400 யூனிட் ஈ கொடுத்தும் நோயைத் தடுக்க முடியவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. நெல்லிக்காய் தின்னட்டும், அது சாப்பாடு. இன்றே மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.