கேள்வி – பதில்: 25 லட்சம் பேர் கேட்டால் போதுமா?

கேள்வி: தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிட்டார் பேண்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஓயாசிஸுக்கு ஒரே ஒரு பத்தி. யாருமே கேட்காத மை பிளடி வேலன்டைனுக்கு ஒரு முழுப் பக்கம்! 1996-இல் ஓயாசிஸின் நெப்வொர்த் கச்சேரிக்கு 25 லட்சம் பேர் டிக்கெட் கேட்டார்கள். இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஓயாசிஸ் முதலிடம், ப்ளர் இரண்டாமிடம், மற்றதெல்லாம் உதிரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். கூடவே, ரேடியோஹெட் இந்தக் கணக்கில் வருமா, வராதா?
– கோவை வாசகர்

பதில்: டிக்கெட் கணக்கைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆகஸ்ட் 10, 11 இரண்டு இரவும் சேர்த்து உள்ளே போனவர்கள் இரண்டரை லட்சம் பேர். ஏமாந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. சரி, உங்கள் அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறேன். ஓயாசிஸின் மூன்றாவது ஆல்பம் 'பி ஹியர் நவ்' 1997 ஆகஸ்ட் 21 அன்று வெளிவந்தது. பிரிட்டனில் முதல் நாளே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதுவரை அங்கே எந்த ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. அப்படியானால் அதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பமா? விவரம் தெரிந்த ஓயாசிஸ் ரசிகர் யாரிடமாவது இதைச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள், பார்ப்போம். கிட்டார் மேல் கிட்டாராக ஏற்றி, நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை ஏழெட்டு நிமிடத்துக்கு இழுத்திருப்பார்கள். பாட்டுகளை எழுதிய ஓயாசிஸின் கிட்டாரிஸ்ட் நோயல் கேலகரே பிறகு அதைக் கைகழுவினார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 14 அன்று ப்ளரும் ஓயாசிஸும் ஒரே நாளில் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்வைத்து விற்கும் வெளியீடு, கொண்டுவந்தார்கள். விற்பனை ப்ளருக்கு 2,74,000, ஓயாசிஸுக்கு 2,16,000. உங்கள் விதிப்படி முதலிடம் ப்ளருக்குப் போய்விடும், பரவாயில்லையா? அந்த வெற்றியும் பாட்டை மட்டும் நம்பி வந்ததில்லை. ப்ளரின் சிங்கிள் வெவ்வேறு உபரிப் பாடல்களோடு இரண்டு சிடியாக வந்தது. தீவிர ரசிகர் இரண்டையும் வாங்கினார். பத்திரிகைகள் ஊதிவிட, டிவி செய்தி வரைக்கும் போன இந்தக் குத்துச்சண்டையில் மோதியவை இரண்டு பேண்டுகளின் நல்ல பாட்டுப் பட்டியலில் முதல் பத்தில்கூட வராத பாட்டுகள்.

கிட்டார் பேண்ட் என்று பெயர் வைத்துவிட்டோம். கிட்டார் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்பதுதானே நியாயம்?

ஓயாசிஸில் அது பாடகருக்கு முட்டுக்கொடுக்கிறது. 'வொண்டர்வால்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டத்தில் (ஃப்ரெட்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டி, இரண்டு விரலை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு, மற்ற விரல்களை மட்டும் நகர்த்தினால் பாட்டின் பெரும்பகுதி வந்துவிடும். உலகத்தில் கிட்டார் வாங்கிய ஒவ்வொரு பையனும் முதல் மாதத்திலேயே அதை வாசித்து அக்கம்பக்கத்தாரை வதைப்பது அதனால்தான். இது இளக்காரம் இல்லை. கூட்டமே சேர்ந்து பாடுகிற மாதிரி எழுதுவது எளிதல்ல. அதைப் பாடகர் லியம் கேலகரின் குரலில் ஏற்றியது பெரிய விஷயம். 1994, 1995-இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவற்றில் கிட்டார் ஒரு தடவைகூட என்னைத் திடுக்கிட வைத்ததில்லை.

ப்ளரில் கிட்டாரிஸ்ட் கிரஹாம் காக்ஸன் திடுக்கிட வைப்பார். பாடகர் டேமன் ஆல்பர்ன் சமர்த்தாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, அடியில் காக்ஸன் வேண்டுமென்றே ஸ்வரத்தைக் கோணலாக்கிக்கொண்டிருப்பார். ஸ்வேட் பேண்டின் கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் பட்லரும் அந்த ஜாதிதான். இரண்டாவது ஆல்பம் முடிவதற்குள் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார்.

இப்போது உங்களை உறுத்திய அந்த முழுப் பக்கத்துக்கு வருகிறேன். 1991-இல் வந்த 'லவ்லெஸ்' ஆல்பத்தில் மை பிளடி வேலன்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் செய்த காரியம் பார்க்கச் சின்னது. தந்திகளின் சுருதியை ஆட்டுவதற்குக் கிட்டாரில் ட்ரெமலோ கம்பி என்று ஒரு கைப்பிடி உண்டு. எல்லோரும் அதால் ஒரு ஸ்வரத்தை ஆட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் அதைக் கையிலேயே பிடித்தபடி தந்திகளை மீட்டினார். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் (கார்டு) மொத்தமும் சுருதிக்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக மிதக்க ஆரம்பித்தது. இருபது கிட்டாரை அடுக்கியிருப்பார்கள் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். பல இடங்களில் ஒன்றிரண்டுதான். அதற்காக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கி, கிரியேஷன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பணத்தைக் கரைத்தார்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் கிடைத்தது 24-ஆம் இடம். கம்பெனி முதலாளி ஆலன் மக்கீ அவர்களைக் கழற்றிவிட்டார். 1993 மே மாதம் கிளாஸ்கோவில் ஒரு சின்ன அரங்கில் ஓயாசிஸைப் பார்த்து, அங்கேயே ஒப்பந்தம் பேசியவரும் இதே மக்கீதான். முதலாளியாக அவர் செய்தது சரி. அந்தச் சரியை நானும் ஏன் பின்பற்ற வேண்டும்?

அப்புறம், 'உதிரி' என்றீர்களே. நோயல் யூனியன் ஜாக் கொடி வரைந்த கிட்டாரோடு மேடையேறிய அதே காலத்தில், ட்ஜிந்தர் சிங்கின் கார்னர்ஷாப் பேண்ட் ஆஷா போன்ஸ்லேயைக் கொண்டாடி ஒரு பாட்டு போட்டது. 1997-இல் அது 60-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. டிஜே நார்மன் குக் அதை வேகமாக்கி ரீமிக்ஸ் செய்ததும் 1998 பிப்ரவரியில் முதலிடம். உங்கள் அளவுகோல் ஆறே மாதத்தில் என்னென்ன சொல்கிறது பாருங்கள். எனக்கு இன்றும் பிடித்தது அந்த 60-ஆம் இடத்து வடிவம்தான். அவசரமில்லாத கிட்டார் அதில்தான் இருக்கிறது.

ரேடியோஹெட்? கிட்டார் கணக்கில் கட்டாயம் வரும், பிரிட்பாப் என்று பெயர் வாங்கிய, கொடி பிடித்த தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் பாப் அலையின் கணக்கில் வராது. 'க்ரீப்' பாட்டில் பல்லவிக்கு முன்னால் 'கர்ரக்' என்று இரண்டு அடி விழுமே, பாட்டு ரொம்ப சாதுவாக இருக்கிறதென்று அவர்களுடைய கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் அதைக் கெடுக்கப் பார்த்த இடம் அது. ஜனங்கள் காத்திருந்து கேட்பது அந்த இடத்தைத்தான். அவர்களுடைய 'ஓகே கம்ப்யூட்டர்' 1997-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசைப் பெறவில்லை. பரிசு பிரிஸ்டலின் ரோனி சைஸ் குழுவுக்குப் போனது, கிட்டாரை நம்பாமல் வேகமான தாளத்தையும் கனத்த பாஸையும் நம்பிய ஒரு 'டிரம் அண்ட் பாஸ்' ஆல்பத்துக்கு. நடுவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஏன் என்று வேறொரு வாசகர் கேட்கட்டும், பதில் தயாராக இருக்கிறது.