ஃபார்மெட் போடுமுன் கொஞ்சம் பொறுங்கள்

கணினி ஹேங் ஆவது, லாகின் ஆகாதது பற்றி வந்த கேள்விகளுக்குக் கோலாலம்பூரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரின் பதில்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: அண்ணே, 2016-இல் வாங்கிய மடிக்கணினி. திறந்த கொஞ்ச நேரத்தில் ஹேங் ஆகிவிடுகிறது. கடையில் கேட்டால் ஃபார்மெட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

அவசரப்படாதீர்கள். ஃபார்மெட் போட்டால், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், சில சமயம் சரியாகும். ஆனால் எது கெட்டது என்று தெரியாமலேயே போய்விடும், கோளாறு டிஸ்க்கில் இருந்தால் திரும்பவும் வரும்.

அடுத்த முறை ஹேங் ஆனதும் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு செயலியோ டிஸ்க்கோதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. விளக்கில் அசைவே இல்லையா? அப்போது ராம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), சூடு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓடும் வேலைகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் வெகுநேரம் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறதா? அந்தக் காலத்து மலிவு மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான். இன்றைய விண்டோஸுக்கு அது ஈடுகொடுக்காது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். படங்களையும் கோப்புகளையும் முதலில் நகல் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட்டில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 2016 கணினி விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எழுதப் படிக்க மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பெரிய பணம் செலவழிக்காதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை: தம்பி, கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது. நேற்றிரவு தேர்வுத்தாள் தட்டச்சு செய்ததோடு சரி, எதையும் மாற்றவில்லை.

டீச்சர், அந்தத் தேர்வுத்தாளைத் தமிழில்தானே அடித்தீர்கள்? விசைப்பலகை இன்னும் தமிழிலேயே நிற்கிறது என்று நினைக்கிறேன். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடிக்கும் பின் (PIN) எண்ணில் தகராறு என்றால், எண் விசைகளை இயக்கும் நம் லாக் (Num Lock) விசையைப் பாருங்கள். பின் (PIN) என்பது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலும் அது மாறாது.

செந்தூலிலிருந்து: பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனபின் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எதையும் வைக்கவே இல்லையே?

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. டிஸ்க்கைப் பூட்டும் அந்த வசதியின் பெயர் பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் உங்கள் கணினிக்கு உரிய மீட்புச் சாவியைத் தேடுங்கள். எண் கிடைத்தால் ஐந்து நிமிட வேலை. கிடைக்காவிட்டால் கணினியைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், உள்ளே இருந்தவை வராது. பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜார்ஜ்டவுனில் கடை வைத்திருப்பவர்: காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் மட்டும் நின்றுவிடுகிறது.

சூடுதான். ஏர்கான் இல்லாத கடை, நம் ஊர் வெயில், விசிறியில் அடை அடையாகத் தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியை ஊதி எடுங்கள். பழைய கணினி என்றால் பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

செராஸிலிருந்து: 2024 ஜூலையில் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டேன். கணினியெல்லாம் நின்று, கையாலேயே செக்-இன் செய்தார்கள். அன்றிலிருந்து விண்டோஸ் அப்டேட் என்றாலே பயம். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் அண்ணே. ஜூலை 19 அன்று கெடுத்தது விண்டோஸ் அப்டேட் அல்ல, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்தன. அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், உங்கள் வீட்டுக் கணினியில் இருக்காது. சேஃப் மோடில் (விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் முறை) போய் ஒரு கோப்பை அழித்தால் போதும் என்றார்கள். ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார வேண்டியிருந்தது. பிட்லாக்கர் இருந்தால் மேலே சொன்ன அதே 48 இலக்கமும் வேண்டும். சாவியை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கெப்போங்கிலிருந்து: அப்பாவின் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சைரன் சத்தம், அழைக்கச் சொல்லி ஒரு எண். கணினி அசையவில்லை.

அது ஹேங் இல்லை, முழுத்திரையில் திறந்த வெறும் இணையப் பக்கம். எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அந்த எண்ணை அழைக்காதீர்கள். அப்பா ஏற்கெனவே அழைத்துப் பணமும் அனுப்பிவிட்டார் என்றால் கணினியை அப்படியே போட்டுவிட்டு உடனே வங்கிக்கும், மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் அழையுங்கள்.