கோபுரம், விமானம் எல்லாம் என் படத்தில் மட்டும் ஏன் பின்னால் சாய்கிறது? நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?

கேமரா மாற்றினால் சரியாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு "இந்த மாடல் வாங்குங்க, அந்த லென்ஸ் வாங்குங்க" என்று பதில்கள் வரிசைகட்டி வரும். நான் தஞ்சாவூர்க்காரன். பெரிய கோயிலைப் பல வருடமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சாய்வு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. குடும்பத்தோடு காரில் வந்து இறங்கியிருப்பீர்கள். மணி பதினொன்று ஆகியிருக்கும். கால் சுட, விரிப்பை விட்டு இறங்க முடியாமல், நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உச்சிக் கலசம் வரை வந்துவிட வேண்டும் என்று போனை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவ்வளவு பெரிய விமானம் குட்டையாக, பின்பக்கம் சரிந்தாற்போல் இருக்கும்.

காரணம் ரொம்ப எளிது. போன் செங்குத்தாக, சுவருக்கு இணையாக இருந்தால் சுவரின் நிமிர்ந்த கோடுகள் படத்திலும் நிமிர்ந்தே விழும். போனை மேலே சாய்த்த உடனே அந்தக் கோடுகள் உச்சியை நோக்கி ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கிவிடும். லட்ச ரூபாய் கேமராவைச் சாய்த்தாலும் இதேதான் நடக்கும்.

பெரிய கோயிலில் இந்தச் சாய்வு இன்னும் அதிகக் கெடுதல் செய்யும். 1010-ல் இராசராசன் கட்டி முடித்த அந்த விமானம் 200 அடிக்கு மேல் உயரம், 13 நிலை. அதன் அடியைக் கவனித்துப் பாருங்கள். கருவறைச் சுவர் இரண்டு அடுக்காக நேரே மேலே எழும்பும். அதற்கு மேல்தான் கூம்பத் தொடங்கும். அந்த நேரான எழுச்சியும், அதன் மேல் உட்காரும் கூம்பும் சேர்ந்துதான் பார்க்கிறவர்களை வாயடைக்க வைக்கிறது. போனைச் சாய்த்து எடுத்தால் நேராக நிற்க வேண்டிய சுவரும் கூம்பிவிடும், கட்டியவன் யோசித்து வைத்த கணக்கு படத்தில் காணாமல் போகும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? தூரம் போங்கள். சுற்று மாளிகையின் (மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபம்) தென்மேற்கு மூலைக்கு, பிள்ளையார் சந்நிதிப் பக்கமாக வந்துவிடுங்கள். போனை நெடுக்குவாக்கில் பிடியுங்கள். அமைப்புகளில் கட்டக்கோடுகள் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சமும் சாய்க்காமல் நேராக வைத்துப் பாருங்கள். சாதாரண லென்ஸிலேயே உச்சி கிட்டத்தட்ட முழுக்க உள்ளே வந்துவிடும். வராவிட்டால் போன் கேமராவில் 0.5 என்று இருக்கும் அகலக் கோண லென்ஸைத் தட்டுங்கள், ஆனால் அப்போதும் சாய்க்கக் கூடாது. படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும். இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அதை வெட்டிவிடுங்கள். விமானம் நிமிர்ந்து நிற்கும்.

என் வருத்தம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு புகைப்படப் போட்டி வைத்தார்கள். பெயர் வேண்டாம். நான் சொன்ன அதே மூலையில் நின்று, மழை விட்ட ஒரு மாலையில் எடுத்த படத்தை அனுப்பினேன். கல் நனைந்து கறுத்துக் கிடந்தது, மேற்கிலிருந்து வந்த கடைசி வெயில் மேல் நிலைகளில் மட்டும் பட்டது. நடுவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேராக நிற்காது. கணினியில் நிமிர்த்தியிருக்கிறீர்கள். திருத்திய படம் எடுத்துக்கொள்ளப்படாது" என்று ஒதுக்கிவிட்டார். என்னிடம் மூலக்கோப்பு இருந்தது. அதில் கீழ்ப்பாதி முழுக்க ஈரத்தரை, ஒரு புறா, சுருட்டி வைத்த தென்னைநார் விரிப்பின் ஓரம். மடிக்கணினியைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். "நேரமில்லை தம்பி" என்றார்கள். சாய்ந்த படங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு நேரான படம் பொய்யாகத் தெரிந்திருக்கிறது. பரிசு போனது போகட்டும். கண்ணால் பார்ப்பதுபோல் எடுத்த படத்தைப் பொய் என்று சொன்னதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கணினியில் நிமிர்த்துவதும் தப்பில்லை என்பதுதான் என் கட்சி. "எடிட் செய்தால் அது போட்டோவே இல்லை" என்று சண்டைக்கு வருகிறவர்கள் லின்னேயஸ் டிரைப் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்தவர். 1858-ல் தஞ்சாவூருக்கு வந்து, மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களில் பெரிய கோயிலை எடுத்தவர். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் அதிகம் உறைக்கும், அதனால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் தன் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். அதற்காக அவரை யாராவது பொய்யர் என்கிறார்களா? விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கியவரும் அவர்தான். முக்காலியைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு பொருந்தும்படி, சாயாமல் எடுத்திருக்கிறார். 1858-ல்! நம் கையில் இருக்கும் போனில் ஆயிரம் வசதி, நமக்கு நேராகப் பிடிக்கப் பொறுமை இல்லை.

இன்னொன்றும் உங்கள் படத்தைக் கெடுத்திருக்கும், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அது வெயிலின் திசை. பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். மாலையில் முன்னால் நின்றால் விமானம் இருட்டாகத்தான் வரும், பின்பக்கம் போய்விட வேண்டும். (விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். மாலையில் வந்து பாருங்கள், நந்தி இருக்கும் திசையை நோக்கி நிழல் நீண்டு கிடக்கும்.) பக்கச் சுவர்களுக்குத்தான் பருவம் பார்க்க வேண்டும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சரிந்து போவதால் தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெளிச்சம் கிடைக்கும், வடக்குச் சுவர் நிழலிலேயே இருக்கும். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவரையும் சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கத்தையும் எடுக்க அதுதான் காலம்.

சிற்பத்துக்கு நேர் வெயில் ஆகவே ஆகாது. இராசராசன் திருவாயிலில், அதாவது கிழக்கே உள்ள இரண்டாவது கோபுர வாசலில் நிற்கும் ஆளுயரத்தை விடப் பெரிய காவலர்களைப் பார்த்திருப்பீர்கள். கதாயுதத்தைச் சுற்றிய பாம்பு ஒன்று யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். பாம்பின் வாய்க்குள் யானை என்றால், அந்தக் காவலன் எவ்வளவு பெரியவன் என்று நம்மையே கணக்குப் போட வைத்த சிற்பி! காலை ஏழு மணிக்கு எடுத்தால் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாம் அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும், யானை இருப்பதே தெரியாது. மார்கழியில் பத்தரைக்கு மேல் வாருங்கள். வெயில் தெற்கிலிருந்து கல்லை உரசிக்கொண்டு போகும். பாம்பின் செதிலுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் விழும். யானையின் வளைந்த முதுகு தனியாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு வேறு நேரத்தில் அந்தச் சிற்பத்தை எடுக்க எனக்கு மனசே வருவதில்லை.

திசை என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பறைச் சுவர் முழுக்க என் படத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்கவும் இல்லை, பெயர் போடவும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கதவு இருக்கும் பக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்று படத்தை இடம் வலமாகப் புரட்டிவிட்டார்கள். கிழக்கு வாசலில் உள்ளே நுழைந்தால் பெரியநாயகி அம்மன் சந்நிதி வலது கைப் பக்கம், வடக்கே இருக்கும். அவர்கள் சுவரில் அது இடது பக்கம் நிற்கிறது. மேலாளரிடம் சொன்னேன். "சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். தஞ்சாவூரிலேயே ஒருவர் இப்படிக் கேட்கிறார். அம்மனை எதிர்த்திசைக்கு மாற்றிவிட்டு, அதன் கீழே "எங்கள் பாரம்பரியம்" என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கருவியே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டில்ட்-ஷிஃப்ட் என்ற லென்ஸ் இதற்கென்றே இருக்கிறது. கேமராவைச் சாய்க்காமலேயே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம், கீழ்ப்பாதியை வெட்ட வேண்டிய அவசியம் இருக்காது. கட்டடப் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு அது தேவை. விலை லட்சத்தைத் தாண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று கோயில் போகிறவர் அதை வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே சாய்ந்த படங்களை ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் ஓரளவு நிமிர்த்தலாம். ரொம்ப இழுத்தால் உச்சி நீண்டு விகாரமாகும், அளவோடு நிறுத்துங்கள். விமானம் கூம்பு வடிவம் என்பதால் அதை வைத்து அளக்க முடியாது. அடிச்சுவரின் அரைத்தூண்களையோ கொடிமரத்தையோ பார்த்து நிமிர்த்துங்கள்.

"கோயிலுக்குச் சாமி கும்பிடப் போங்க, போட்டோ பிடிக்க இல்ல" என்று கமெண்ட் வரும் என்று தெரியும். கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை, யாருடைய வழிபாட்டுக்கும் குறுக்கே நிற்பதுமில்லை.

முக்காலி கொண்டுவருவதாக இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுப்பதென்றால் சுற்று மாளிகைத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் போதும், ஆடாது. மார்கழியில் வரமுடியாவிட்டால் மழை விட்ட ஐப்பசி மாலையில் வாருங்கள், தென்மேற்கு மூலைக்கு நேராகப் போய்விடுங்கள்.