பிரசவத்துக்கு முன்பே எழுதி வையுங்கள்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். முதுகு ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த வலி மாத்திரைக்கு அவள் அடிமையாகி, இப்போது அதிலிருந்து மீள டாக்டர் எழுதித் தந்த பியூப்ரநார்ஃபின் என்ற மருந்தில் நன்றாக இருக்கிறாள். ஏழாம் மாதம். குழந்தை பிறந்ததும் அரசுக்குத் தகவல் போகும் என்கிறார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில்: அம்மா, நிறுத்தவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பழைய பழக்கம் திரும்பக்கூடும். தாய்க்கும் சேய்க்கும் அதுதான் ஆபத்து. சட்டப்படி பார்த்தாலும், தவறாமல் சிகிச்சையில் இருப்பதுதான் உங்கள் மகளின் பெரிய பலம்.

தகவல் போவது உண்மை. தாய் எடுத்த போதைப்பொருளின் பாதிப்போடு குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைவதைத் தடுப்புக்கான 1974-ஆம் ஆண்டு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இந்தக் கடமையை 2003-ல் சேர்த்தார்கள். அப்போது சட்டவிரோத போதைப்பொருள் என்றுதான் இருந்தது. 2016-ல் 'சட்டவிரோத' என்ற சொல்லை நீக்கிவிட்டதால், டாக்டர் சீட்டில் வாங்கும் மருந்தும் இதற்குள் வந்துவிட்டது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தையைக் கவனித்துக்கொள்ள எழுதும் உதவித் திட்டத்தைத் தாயின் சிகிச்சைக்கும் சேர்த்தே போட வேண்டும் என்று சொன்னதும் அதே திருத்தம்தான். தகவல் போனதாலேயே ஒருத்தி பிள்ளையை வதைத்தவள் ஆகிவிட மாட்டாள்.

உங்கள் மாநிலத்தில் இன்னும் ஒரு நிம்மதி. 2019 முதல் ஆஸ்பத்திரி இணையத்தில் பதியும் இந்தத் தகவலில் பெயரோ விலாசமோ இருக்காது. குழந்தையின் பாதுகாப்பில் தனியாகச் சந்தேகம் வந்தால்தான் பெயரோடு குழந்தைகள் குடும்பங்கள் துறைக்குப் புகார் போகும். எல்லா மாநிலமும் இப்படி இல்லை. அலபாமாவில் கர்ப்பிணிகளைக் கைது செய்து சிறையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் பெண்கள் டாக்டரிடமே போகாமல் ஒளிந்துகொண்டால் எந்தக் குழந்தைக்கு நன்மை?

அந்த உதவித் திட்டத்தைப் பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரோடு உட்கார்ந்து இந்த மாதமே மகள் எழுதட்டும்: மருந்து விவரம், குழந்தை டாக்டர் யார், வீட்டில் துணைக்கு யார். உங்கள் பெயரும் அதில் வர வேண்டும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு யார் என்பதும்தான். ஒரு பிரதி ஆஸ்பத்திரிப் பையில் இருக்கட்டும்.

தாய் வழியாக வந்த மருந்து நின்றுவிடுவதால், பிறந்ததும் குழந்தைக்கு நடுக்கமும் விடாத அழுகையும் வரலாம். டாக்டர்கள் எதிர்பார்க்கிற விஷயம்தான், சரியாகிவிடும். தாயோடு ஒரே அறையில் வைத்து, பால் கொடுத்து, தூங்கவைத்து, அணைத்துத் தேற்றும் முறை உங்கள் மாநிலத்து யேல் நியூ ஹேவன் ஆஸ்பத்திரியில் உருவானது. அதனால், இந்த நடுக்கத்தை அடக்கத் தரும் மார்ஃபின் மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் மிகவும் குறைந்துபோனார்கள். உங்கள் ஆஸ்பத்திரியிலும் அது உண்டா என்று கேளுங்கள். உங்கள் மடியும் அதில் மருந்துதான்.

அப்புறம், புகார் என்று அதிகாரி யாராவது வீட்டுக்கு வந்தால், பெற்றோரின் உரிமைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது கனெக்டிகட் சட்டம். உள்ளே விட வேண்டிய கட்டாயமில்லை, உடனே பேச வேண்டியதில்லை, வக்கீலை வைத்துக்கொள்ளலாம். அதற்காக முற்றிலும் ஒதுங்கிவிட்டால் விஷயம் கோர்ட்டுக்குப் போகக்கூடும். "வக்கீலிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லி, அன்றைக்கே வக்கீலைக் கூப்பிடுங்கள். உங்களிடம் ஏதாவது கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.